ஸ்டோரில் இருக்கிறான்

என் தம்பியை ராணுவ ஸ்டோரில் வேலைக்கு வைத்தது ராணுவம் இல்லை, நான்தான். ராணுவம் அவனைக் காலாட்படையில்தான் போட்டது. பயிற்சி முடிந்து அந்தக் கடிதம் வந்த காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "எங்கடா போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். தம்பி கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றான். பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குப் பேசுகிறவன், அன்று பார்த்து ஊமையாகிவிட்டான். அம்மா ஒரு செருப்போடு நிமிர்ந்தாள். அதற்கு முந்தைய மாதம்தான் அவள் தையல் மிஷின் மேலேயே மயங்கி விழுந்து, ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டாகியிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஸ்டோர்லம்மா," என்றேன். "சட்டை, பூட்ஸ், கம்பளி எல்லாம் அடுக்கி வைக்கிற இடம். சண்டை நடக்கிற இடத்துலேர்ந்து ஒரு நாள் பயணம்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனை முறைத்தேன்.

"ஆமாம்மா," என்றான். "ஸ்டோர்தான். ஒரே அறுவைன்னு சொல்றாங்க."

"அறுவையா இருந்தா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மா இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள், அன்று இரவு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு பொய்யைத் திருப்பி வாங்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா இறந்தபோது தம்பிக்கு எட்டு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின் அறையில் லென்ஸ் தேய்க்கிறவள். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது, ராணுவத்தில் அதற்கு முன்னால் லெப்டினன்ட் என்று ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவன் பெயர் வாலு. இருபத்திரண்டு வயது வாலு.

கிளம்புகிற அன்று கடைக்கு வந்து, லென்ஸ் தேய்க்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்கா, இனிமே எனக்கு ரெண்டு உத்தியோகம்," என்றான். "அம்மாவுக்கு ஸ்டோர். உனக்கு நிஜம். அம்மா லெட்டர் வீட்டுக்கு வரும், உன் லெட்டர் கடைக்கு வரும். ரெண்டையும் குழப்பிடாதே."

"குழப்பறது உன் வேலை, என் வேலை இல்லை," என்றேன்.

சொன்னபடியே குழப்பியவன் அவன்தான். நான் வீட்டில் அம்மாவுக்கு அந்த ஸ்டோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொடுத்திருந்தேன். தகரக் கூரை, ஆறு ஜன்னல், வாசலில் ஒரு வேப்பமரம். இவன் அங்கிருந்து, மழை பெய்தால் ஓட்டுக்கூரை வழியாக ஒழுகுகிறது என்று எழுதினான். அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். "நீ தகரம்னு சொன்னே, அவன் ஓடுங்கறான்?" பின்பக்கம் மட்டும் ஓடு என்று சமாளித்தேன். அன்றே அவனுக்கு எழுதினேன்: 'அறிவுகெட்டவனே, முன்பக்கம் தகரம், பின்பக்கம் ஓடு. ஜன்னல் ஆறு. மரம் ஒன்று. எழுதி வைத்துக்கொள்.' பதில் வந்தது: 'இவ்வளவு வசதியான இடத்தை விட்டுவிட்டு நான் ஏன் பள்ளத்தில் படுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.'

போர்முனையில் இருப்பவர்களுக்கு எழுதுகிற முகவரி வெறும் எண்தான். காலாட்படையா, ஸ்டோரா, சமையலா என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அந்த முறையைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போர் தொடங்கிய பிறகு அம்மாவின் தொழிற்சாலைக்கு ராணுவச் சட்டைகளே வந்தன. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் தைத்த சட்டையை மகன் அடுக்கி வைக்கிறான் என்று காலர் பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவனுக்கு எழுதினாள்: 'எங்கள் சட்டை வந்தால் காலரைப் பார். குறை இருந்தால் மறைக்காமல் சொல்.' இவன் மறைக்கவில்லை. காலரின் ஓரம் வியர்வையில் விறைத்துக் கழுத்தை அறுக்கிறது, உள்ளே வைக்கும் துணி மெல்லியதாக இருந்தால் நல்லது என்று எழுதினான். அம்மா சூப்பர்வைசரோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்று உள்துணியை மாற்ற வைத்தாள். மாற்றிய பிறகுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஏன்டி, சட்டையை அடுக்கி வைக்கிறவனுக்குக் காலர் கழுத்தை அறுக்கறது எப்படித் தெரியும்?"

"ஒண்ணை எடுத்துப் போட்டுப் பார்த்திருப்பான்."

"போட்டா மட்டும் அறுக்காது. ஓடணும், குனியணும்."

"உன் பையன் சும்மா இருக்கற ஆளா? மூட்டை தூக்கிக்கிட்டு ஓடியிருப்பான்."

அம்மா நம்பினாள். அவள் நம்ப விரும்பினாள், நான் அதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் விஷயம். செய்தித்தாளில் இறந்தவர்களின் பெயர் வரும் நாட்களில் ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுப் படிப்பாள். "பாவம், எந்தப் பெத்த வயிறோ," என்று சொல்லிவிட்டு, தன் பிள்ளை அந்தப் பட்டியலில் வரவே முடியாது என்ற நிம்மதியோடு விளக்கை அணைத்துப் படுப்பாள். படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை. பக்கத்தில் நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பேன்.

எனக்கு வந்த கடிதங்களில் இருந்தவன் வேறு ஆள். முப்பத்தொரு பேருக்கு அவன் தலைவன். பாதிப் பேர் அவனைவிட வயதில் பெரியவர்கள். தினமும் சாயங்காலம் அவர்களை வரிசையாக உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருவர் காலையும் தொட்டுப் பார்ப்பானாம். ஈரத்தில் நாள் கணக்காக நின்றால் கால் அழுகிவிடும், கால் போனால் காலாட்படையில் என்ன மிச்சம் என்று எழுதியிருந்தான். 'வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத நான் இங்கே அறுபத்திரண்டு கால்களுக்குப் பவுடர் போடுகிறேன். சிரிக்காதே. இருட்டில் இப்போது எனக்கு முகத்தைவிடக் காலைத் தொட்டால்தான் ஆள் யாரென்று தெரிகிறது.' நான் சிரித்தேன். சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தேன்.

ஏழாவது மாதம் அவனுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. வாசலில் வந்து நின்றவனை அம்மா ஒரு நொடி யாரோ என்று பார்த்தாள். கறுத்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகியிருந்தது.

"ஸ்டோருக்குள்ள இருந்துக்கிட்டு இப்படியாடா கறுப்பே?"

"லாரியில வந்த சரக்கை யாரு இறக்கறது? வெயில்லதான் இறக்கணும்."

சாப்பிட உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்றான். நாங்கள் இருவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டை எடுத்தான். அந்த முப்பத்தொரு பேர் கொண்ட அவனுடைய பிளாட்டூனில் அதுதான் வழக்கம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே அதிகாரி சாப்பிட வேண்டும். எனக்கு எழுதியிருந்தான். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "முதல் ஆளா ஓடி வர்றவனுக்கு என்ன வந்துச்சு? அங்க பட்டினி போடறாங்களா?" என்று அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டினாள்.

இரண்டாம் நாள் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், "அக்கா, காலைக் காட்டு," என்றான். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள் நான், குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெந்நீர் வைத்து, சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தான். சிறு வயதில் என் பின்னலை நாற்காலியில் கட்டிவிட்டு ஓடியவன் இவன்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஸ்டோர்ல கால் கழுவற உத்தியோகமும் உண்டா?"

"பூட்ஸ் குடுக்கணும்னா காலைப் பார்க்க வேண்டாமா? நீ எதைப் பார்க்காம காலர் தைக்கிறே?"

அம்மா கலகலவென்று சிரித்தாள். அந்த நான்கு நாட்களில் அவள் அவ்வளவு சிரித்தாள்.

திரும்பிப் போகிற அன்று ரயில் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன், அம்மாவுக்கு ஷிப்டு. நடைமேடையில் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அம்மாகிட்ட சொல்லிடட்டுமாக்கா? கஷ்டமா இருக்கு. அங்க ஒவ்வொருத்தனுக்கும் வீட்லேர்ந்து பயந்துபோய் லெட்டர் வருது. பத்திரமா இரு, குனிஞ்சு நடன்னு. எனக்கு மட்டும் பூச்சி அரிக்காம கம்பளியைப் பார்த்துக்கோன்னு வருது."

"அம்மா தாங்குவாளா?"

"தெரியலை."

"தெரியலைன்னா வாயை மூடு. முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம். அடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்."

அவன் தலையாட்டினான். எப்போதுமே என் பேச்சைக் கேட்காதவன், அன்றைக்கு மட்டும் கேட்டுத் தொலைத்தான். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக, "குதிகாலுக்கு எண்ணெய் போடு," என்று கத்தினான். அதுதான் நான் கேட்ட அவனுடைய கடைசிக் குரல்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். என்ன நடந்தது என்பதைப் பின்னால் அவன் பிளாட்டூனில் ரேடியோ சுமந்த ரேடியோக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல பிளாட்டூன்கள் சேர்ந்த கம்பெனி முழுவதும் ஒரு வாய்க்காலைத் தாண்டிப் பின்வாங்க வேண்டும். எல்லோரும் தாண்டும்வரை கரையைப் பிடித்து வைத்திருக்கும் வேலை தம்பியின் பிளாட்டூனுக்கு. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை பிடித்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு அவன் தன் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினான். கடைசியாக இறங்கிய ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, சேற்றில் முழங்கால்வரை மாட்டிக்கொண்டார். தம்பி மேலிருந்து இறங்கிப் போய் அவர் காலைப் பிடித்து இழுத்திருக்கிறான். பூட்ஸ் வரவில்லை. அந்த மனிதர் பூட்ஸுக்காகக் குனிந்திருக்கிறார். "பூட்ஸ் போனா போகட்டும், காலைக் கொண்டு போங்க!" என்று சத்தம் போட்டு அவரை அக்கரைக்கு மேலே தள்ளிவிட்டான். அவர் ஏறிவிட்டார். பின்னால் ஏறும்போது தம்பிக்குக் குண்டு பட்டது, முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ரேடியோக்காரர் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டபோது மூச்சு இருந்ததாம். எதுவும் சொல்லவில்லை, சொல்ல நேரமில்லை. முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் வாய்க்காலைத் தாண்டினார்கள்.

இதெல்லாம் தெரியாத ஒரு காலையில் நான் கடையில் ஒரு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்தாள். அன்று அவளுக்கு மதிய ஷிப்டு. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. முகத்தில் அழுகை இல்லை. எரிச்சலும் பரபரப்பும்தான் இருந்தன. கையில் ஒரு நீளமான காகித உறை.

"ஒரு நிமிஷம் வாடி. நம்ம ஊர் ஆபீஸ்காரங்க பண்ற கூத்தைப் பாரு."

பின் அறைக்குள் கூட்டிப்போனேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே கொட்ட ஆரம்பித்தாள்.

"ராணுவ ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. நல்ல பசங்க. இந்தப் பேப்பரைக் குடுத்துட்டு, உங்க பையன் சண்டையில இறந்துட்டான்னு சொல்றாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. அப்புறம் படிச்சுப் பார்த்தா, காலாட்படைன்னு போட்டிருக்கு! வாய்க்கால் கரையாம், பிளாட்டூனாம். நம்மாளு ஸ்டோர்ல இல்ல இருக்கான்? பேரு ஒண்ணா இருக்குன்னு நம்ம வீட்டு விலாசத்தைத் தேடிப்பிடிச்சுக் குடுத்துட்டாங்க. நான்தான் அந்தப் பசங்களை உட்கார வச்சுத் தண்ணி குடுத்து, பரவால்ல தம்பி, தப்பு நடக்கறது சகஜம்தான்னு சொல்லி அனுப்பினேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியலை, முழிச்சிட்டுப் போனாங்க."

உறையை வாங்கினேன். அவன் பெயர். அவன் பிறந்த தேதி. தேதியை அம்மா பார்க்கவில்லை, காலாட்படை என்ற சொல்லோடு நிறுத்திவிட்டிருக்கிறாள்.

"நீ முதலாளிகிட்ட ஒரு மணி நேரம் லீவு சொல்லிட்டு வா," என்றாள். "ரெண்டு பேரும் போய் இதைத் திருப்பிக் குடுத்துடலாம். செத்துப்போன அந்தப் பையனோட அம்மாவுக்கு இன்னும் தெரியாதுடி. என் பிள்ளை நல்லா இருக்கான்னு நினைச்சுக்கிட்டு இப்போ உலை வச்சிக்கிட்டு இருப்பா. அவ காகிதம் நம்ம கையில இருக்கலாமா? தப்பு. சீக்கிரம் வா."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, எங்கேயோ இருக்கிற அந்த இன்னொரு அம்மாவுக்காக. நான் அதுவரை எத்தனையோ பொய்களைத் தயங்காமல் சொன்னவள். கூரை, ஜன்னல், மரம், மூட்டை. அந்த நிமிடத்தில் ஒரே ஒரு உண்மை என் வாயில் வரவில்லை. இன்னொரு பொய் சொன்னால்கூட அவள் வாங்கிக்கொள்வாள், அது எனக்குத் தெரிந்தது. ஆபீஸ் வரை போகலாம், அங்கே யாராவது சொல்லட்டும் என்றும் தோன்றியது. என் அம்மாவிடம் ஏதோ ஒரு மேஜைக்குப் பின்னால் இருப்பவன் சொல்வதா? நான் வைத்த தீ, நான்தான் கையை வைக்க வேண்டும்.

"உட்காரும்மா," என்றேன்.

"உட்கார நேரமில்லடி."

"ஸ்டோர் இல்லம்மா."

"என்ன இல்ல?"

"ஸ்டோர்னு ஒண்ணு கிடையாது. நான் சொன்ன பொய் அது. அவன் முதல் நாள்லேர்ந்து காலாட்படைதான். அந்தக் காகிதம் சரியாத்தான் வந்திருக்கு."

மேஜை இழுப்பறையைத் திறந்தேன். லென்ஸ் உறைகளுக்கு அடியில் இருந்த அவன் கடிதங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பத்தொன்பது கடிதங்கள். அம்மா அவற்றைத் தொடவில்லை. மேலே இருந்த கையெழுத்தையே பார்த்தாள். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். நான் பயந்த மாதிரி மயங்கி விழவில்லை. என்னை அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன், அடிக்கவும் இல்லை. முன்பக்கம் முதலாளி யாரிடமோ கடை சாத்தியாகிவிட்டது என்று சொல்லும் சத்தம் கேட்டது. அப்போது மணி பதினொன்றுதான்.

அம்மா கேட்டாள்.

"அவன் பயந்தானாடி?"

"பயந்தான்மா. எழுதியிருக்கான்."

"நீ?"

"தினமும்."

"என்னை மட்டும் விட்டுட்டு ரெண்டு பேரும் பயந்திருக்கீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பந்தியில் இலை போடாமல் விடுபட்டவள் மாதிரிச் சொன்னாள். "பதினோரு மாசமும் நான் நல்லா தூங்கினேனேடி. என் பிள்ளை குண்டுக்கு நடுவுல கிடக்கறப்போ நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி அவனுக்காக நான் முழிச்சிருக்கக் கூடாதா?"

அப்போதுதான் அழுதாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டாலும் அது போதாது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, ஒரு அம்மாவுக்குச் சேர வேண்டியதை நான் வழியில் நின்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மா கடிதக் கட்டை என் பக்கம் தள்ளினாள்.

"படி."

"இப்போ வேண்டாம்மா. வீட்டுக்குப் போய்..."

"முதல்லேர்ந்து படி. ஒண்ணையும் விடாதே. இப்பவாவது நான் பயப்படறேன்."

முதல் கடிதத்தைப் பிரித்தேன். அவன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் எழுதியது. வரி விடாமல் படித்தேன். 'அக்கா, இன்று விடியற்காலையில் ஒரு பாலத்தைத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நான்தான் முன்னால் போக வேண்டும். என் பின்னால் வருகிறவர்களுக்கு என் கால் நடுங்குவது தெரியக் கூடாது என்று வேண்டிக்கொள்.'

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் காகிதத்தை விட்டு அசையவில்லை.

"ஐயோ," என்றாள். "பார்த்துப் போடா."

நான் பக்கத்தைத் திருப்பினேன்.